காலி எடை

கப்பலூர் டோல்கேட்டுக்குக் கொஞ்சம் முந்தி
ஒரு எடைமேடை.
இரவு எட்டு முதல் காலை எட்டு வரை நான்தான்.
ஒரு ஜன்னல், கழுத்து திரும்பாத மின்விசிறி,
ஒரு ஜிபி நினைவகத்தோடு ஒரு கணினி.
கடையில் அந்த அளவைச் சொன்னால்
ஜிபியா, கிலோவா என்று சிரிக்கிறார்கள்.

கரண்ட் போய் வந்தால்
அது எழுந்திருக்க ஏழு நிமிடம்.
அதற்குள் எம்-சாண்ட் லாரிகள்
ரிங் ரோடு திருப்பம் வரை நிற்கும்.
ஹாரன் சத்தத்தில் கேன் தண்ணீர்
வட்டம் வட்டமாய் நடுங்கும்.
கணினியோ
மதுரையில் முப்பத்தெட்டு டிகிரி என்று
யாரும் கேட்காமலே சொல்லும்.
கேமராவே இல்லாத பெட்டிக்குள்
கேமராவைத் தேடிக்கொண்டிருக்கும்.

புதுசு வாங்கலாம் என்றேன்.
"ஓடுதுல்ல?" என்றார் மொக்கைச்சாமி அண்ணன்.
முதலாளிகளின் இலக்கணத்தில்
அது கேள்வி அல்ல.

டவுன்ஹால் ரோட்டிலிருந்து துளசிராம் வந்தான்,
பஸ் சில்லறையோடு
பென் டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு.
எவனோ ஒருவன்
எந்த ஊரிலோ உட்கார்ந்து
வேண்டாததை எல்லாம் கழற்றிப்போட்ட விண்டோஸ்.
திரையில் ஒரு ஓநாய்,
அதன் காலடியில் அவன் புனைபெயர்.
நன்றி சொல்ல விலாசம் இல்லை,
திட்டவும் இல்லை.
"டீ ஆறுறதுக்குள்ள ஏத்திருவேன்க்கா."
டீ ஆறி ஆடை கட்டியது.
ஆனாலும் ஏற்றிவிட்டான்.

இருபத்தெட்டு வினாடி.
நம்பாமல் இன்னொரு தடவை அணைத்துப் போட்டு எண்ணினேன்.
பந்தல் பிரித்த மறுநாள்
தெரு திடீரென அகலமாகுமே,
அப்படி இருந்தது திரை.

முதல் வண்டி ஒச்சப்பனுடையது.
சீட்டை வாங்கி
முகப்பு விளக்கில் பிடித்துப் பார்த்தார்.
"என்னத்தா, எடை கேட்டா
ஜாதகம் எழுதிக் குடுக்குற?"

பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கட்டம்.
சரக்கு இருக்கவேண்டிய இடத்தில் கட்டம்.
ஒரு கிரகமும் வந்து உட்காராத
வெறும் கட்டங்கள்.
எண்கள் மட்டும் சரியாக இருந்தன.

கழற்றியவன் முன்னால் ஒரு பட்டியல் இருந்திருக்கும்.
தமிழ், தெலுங்கு, தாய்,
அப்படியே கீழே இறங்கி இறங்கி.
ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன டிக்.
கோபம் வரவில்லை எனக்கு.
கப்பலூரில் ஒரு லாரிக்காரர்
பாதி ராத்திரியில்
தன் பெயரைத் தேடுவார் என்று
அவனுக்கு எப்படித் தெரியும்.
ஆனால் ஓநாயை விட்டுவைத்திருக்கிறான்.
பார்த்தேன். ஓநாய் மட்டும் நாலு எம்பி.

அன்றிரவு நாற்பத்தியொரு சீட்டு.
கட்டங்களுக்கு மேல் பேனாவால் எழுதினேன்:
ஒச்சப்பன், ஜல்லி.
சின்னமாயன், வைக்கோல்.
ஜேம்ஸ் அருளப்பன், மாட்டுத் தீவனம்.
ஒருவர்,
பேர் எதுக்கு, வண்டி நம்பர் போதும் என்றார்.
வற்புறுத்திக் கேட்டு எழுதினேன்.
அவர் பெயர் பூவலிங்கம்.

காலையில் துளசிராம் மறுபடி.
பழைய வட்டை மேசையில் படுக்கவைத்து
தமிழை மட்டும் பெயர்த்தெடுத்தான்.
எழுத்துரு, விசைப்பலகை,
அப்புறம் எழுத்தை எழுத்தோடு சேர்க்கிற
ஏதோ ஒரு கோப்பு.
"அது இல்லாட்டி
கொம்பு தனியா, கால் தனியா நிக்கும்க்கா."
அவன் போனதும் ஓநாயை நான் தூக்கினேன்.

முப்பத்தொரு வினாடி.
கூடிய மூன்று வினாடிக்கு
இதுவரை யாரும் ஹாரன் அடித்ததில்லை.

காலி எடை போடும்போது
டிரைவர் இறங்கிக்கொள்ள வேண்டும்.
தூங்குகிற கிளீனரையும் எழுப்பி இறக்கவேண்டும்.
இன்று நாலரை மணிக்கு
வண்டி ஏதும் இல்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு
மேடை நடுவில் போய் நின்றேன்.
லாரியை எடை போடும் மேடை,
இருபது இருபதாகத்தான் எண்ணும்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
எண் மாறுவது தெரிந்தது.
எது என்று தெரியவில்லை.
உள்ளே ஓடிவந்து பார்த்தேன்.

பூச்சியம்.
அச்சடிக்கவா என்று
தமிழில் கேட்டுக்கொண்டு நின்றது.